விருப்பமும் ஊதியமும்

உயர்தர வகுப்பிற் புகும் மாணவனொருவன் நம்மை அணுகி, தான் விரும்பும் பாடத்தைக் கற்பதோ, நல்ல சம்பளந் தரும் பாடத்தைக் கற்பதோ என வினவுவானாயின், நாம் யாது விடை கூறுவது? இதற்கு இரு சாரார் எளிதில் விடை கூறிவிடுகின்றனர். உள்ளம் விழைவதைக் கற்க, பொருள் தானே பின்வரும் என்பர் ஒரு சாரார். பொருளே முதல், விருப்பம் பின்பு என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் குறைபட்ட விடைகளே என்பது நம் துணிபு.

முன்னையோர் கூற்றை முதற்கண் ஆராய்வாம். ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் ஊதியம் என்னுஞ் சொல் பேராசையைக் குறிப்பதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. கற்றுத் தேறிய பிள்ளைக்கும் அரசாங்க உத்தியோகத்தின் வாயில் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையும், 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களும் வந்த பின்னரே அக்குறை படிப்படியாக நீங்கிற்று. தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாவானது 2021ஆம் ஆண்டிலேயாம். பசறையிலோ லுணுகலையிலோ கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, தன் மகன் மாதச் சம்பளம் பெறுதலைக் காண விழைந்தால், அதனைப் பொருளாசையென்று இகழ்வது தகுமோ? அச்சம்பளம் தங்கை பள்ளியை விடாதிருத்தற்கும், கடன் தீர்தற்கும், லயத்தை விட்டு ஒரு வீடு கட்டுதற்கும் ஏதுவாவது. அதனை நாடுதலும் அறமேயாம்.

இனிப் பின்னையோர் கூற்றை நோக்குவாம். இன்று மிகுந்த ஊதியந் தருவதென எல்லாரும் ஓடும் துறை, மாணவன் கற்று முடிக்குங்கால் நெரிசலுற்றிருத்தல் கூடும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியிற் பணவீக்கம் 70 வீதத்தை அணுகியபோது, உறுதியானதென எண்ணப்பட்ட மாதச் சம்பளமும் சில திங்களிலே தேய்ந்ததை நாம் கண்டோம். அன்றியும், மனமின்றிக் கற்பவன் இடையிற் சோர்வான்; சோர்ந்தவன் எந்த ஊதியத்தின்பொருட்டு அத்துறையிற் புகுந்தானோ அதனையும் இழப்பான்.

ஆயின் துணிதற்கு அளவுகோல் யாது? நம் முன்னோர் இருவர் வாழ்க்கை இதனை விளக்கும். ஆறுமுக நாவலர், எம்மைப்போலவே மிஷன் பாடசாலையிற் கற்றவர். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். 1848ஆம் ஆண்டு அவ்வுத்தியோகத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவித் தம் உள்ளம் விழைந்த பணியில் நின்றார். சி. வை. தாமோதரம்பிள்ளையோ சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். 1871இற் சட்டப் பட்டமும் பெற்றுப் பின்னாளிற் புதுக்கோட்டையில் நீதிபதியாயினார். பொருளீட்டி வாழ்ந்துகொண்டே ஏடு தேடி, 1881இல் வீரசோழியத்தையும், 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஒருவர் ஊதியத்தை விட்டார். மற்றவர் ஊதியத்தைக் கைக்கொண்டு அதனையே தமிழுக்கு உரமாக்கினார். இருவருள் எவரைக் குறைவென்போம்? நாவலர் இல்லறம் புகாதவர்; பிள்ளையவர்கள் குடும்பந் தாங்கியவர். ஆகவே தன்னை நம்பியிருப்போர் எத்துணைப்பேர் என்பதே முதல் அளவுகோல். அவர்தம் தேவை நிறைவுறும் அளவும் ஊதியம் கடமை. அதற்கு மேற்பட்ட ஊதியத்தின்பொருட்டு உள்ளத்தை விற்றல் கடமையன்று.

கற்ற துறையும் விரும்பிய துறையும் என்றும் பகையாயிருப்பனவுமல்ல. சுவாமி விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. அவ்விஞ்ஞானமும் கணிதமுமே பின்னர் 1947இல் வெளிவந்த யாழ்நூலுக்குத் துணையாயின. இங்கும் அத்தகைய வழியொன்றுண்டு. 2005ஆம் ஆண்டு பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழில்நுட்பம் ஒரு பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. கொழுந்து சுமந்தவர் பிள்ளை அக்கொழுந்தின் விஞ்ஞானத்தைக் கற்றுப் பட்டம் பெறுதல் இயலும். ஆயின் அங்கே போதனாமொழி ஆங்கிலம். ஆறாம் வகுப்பில் நாம் ஆங்கிலத்தைச் செவ்வனே கற்பியாதுவிடின், அப்பிள்ளையின் விருப்பம் பயனற்றுப்போம்.

ஆசிரிய அன்பர்காள், மாணவன் நம்மிடம் வினவும் முன்னரே அவன் தெரிவு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. பௌதிகவியல் கற்பிப்போர் இல்லாத பாடசாலையிற் கலைப்பிரிவைக் கற்கின்றவன் அதனை விரும்பித் தெரிந்தானென்று கூறலாகுமோ? பெரும்பாலான பட்டப்படிப்புக்களில் இடங்களுள் 40 வீதம் அகில இலங்கைத் திறமையாலும், 55 வீதம் மாவட்ட முறையாலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் வகுக்கப்படுகின்றன. பதுளை, மொனராகலை ஆகிய இரண்டும் அப்பின்தங்கிய மாவட்டங்களுட் சேர்ந்தவை. இவ்வாயிலைத் தோட்டத்துப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பார் நம்மையன்றி யாவர்?

ஆதலின் நமக்குரிய கடன்கள் மூன்று. ஒவ்வொரு துறையும் எத்தனை ஆண்டு கொள்ளும், பின்னர் என்ன சம்பளந் தரும் என்பதை மறையாது கூறுதல் ஒன்று. வீட்டு நிலையைக் கேட்டறிந்து, பெற்றோரையும் அழைத்து உடனிருத்திப் பேசுதல் ஒன்று. நமக்கு நிறைவேறாத ஆசையைப் பிள்ளைமேற் சுமத்தாதிருத்தல் ஒன்று. இவற்றுட் பின்னையதே அரிது. இவை செய்தபின் முடிவு மாணவனுடையது. வறுமையால் ஊதியத்தைத் தெரிந்தானாயின், விரும்பிய பாடத்தின் நூலொன்றை அவன் கையிற் கொடுத்து அனுப்புவோம். விருப்பத்தைத் தெரிந்தானாயின், அதனால் வருஞ் சிக்கனத்தையும் தாங்கப் பழக்குவோம். எவ்வழிச் செல்லினும் தன் வீட்டாரை மறவாதவனே கற்றவன்.