அடுத்துத் தலைவிடுபவர்

பக்கத்து வீட்டுக்காரரின் 1957 ஃபோர்ட் ஸ்கைலைனரின் கூரை பாதியில் நின்றுபோனது. துணிக்கூரை அல்ல, இரும்பு. பொத்தானை அழுத்தினால் டிக்கி மூடி பின்னோக்கித் திறக்கும். கூரை பூட்டவிழ்ந்து எழும். முன்பகுதி மடிந்து டிக்கிக்குள் இறங்கும். கணினி கிடையாது. ஏறத்தாழ 600 அடி மின்கம்பி, 10 ரிலேக்கள், ஒரு வேலை முடிந்ததைத் தொட்டறிந்து அடுத்ததற்கு வழிவிடும் சுவிட்சுகள். அவ்வளவுதான்.

நான் மென்பொருள்காரன். ரிலேக்களின் உள்ளிருந்ததை எடுத்துவிட்டு, அதே கூடுகளுக்குள் மின்னணுப் பலகைகளை ஒளித்துவைத்தேன். கூரை சத்தமில்லாமல் இறங்கியது. "வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது" என்று அவர் பூரித்தபோதுதான் உறுத்தியது.

அசல்தன்மை பற்றி எனக்குக் கவலையில்லை. டயரும் பேட்டரியும் எத்தனையோ முறை மாறியவைதானே. வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் அந்தக் கணக்கும் தீரும். ஆனால் இருபது வருடம் கழித்து யாரோ ஒருவர் பழைய மின்சுற்று வரைபடத்தை விரித்துவைத்து, சோதனை விளக்கோடு டிக்கிக்குள் தலைவிடுவார். ரிலே இருக்கவேண்டிய இடத்தில் ரிலேபோலவே ஒன்று இருக்கும். அவருடைய சனி, ஞாயிறுகளை நான் இப்போதே திருடிவிட்டேன். பழுதுபார்ப்பவன் கடன்பட்டிருப்பது அன்று வடிவமைத்தவருக்கா, இன்றைய உரிமையாளருக்கா, முகம் தெரியாத அந்த ஆளுக்கா?

மாற்றிய இணைப்புகளைக் கம்பி நிறங்களோடு வரைந்து டிக்கி மூடியின் உட்புறம் ஒட்டினேன். விலை குறையும் என்றார் அவர். குறையட்டும் என்று சொல்ல, கார் என்னுடையது இல்லை.