தங்கலாமா என்று கேட்பது

ராஜகிருகத்து மக்களுக்கு எரிச்சல். மழைக்காலம் தொடங்கி நிலமெல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கிற நேரத்தில் புத்தரின் பிக்குகள் ஊர் ஊராக நடந்துகொண்டே இருந்தார்கள். முளைவிட்ட புல் மிதிபட்டது. ஈரமண்ணில் ஊரும் சிற்றுயிர்கள் காலடியில் நசுங்கின. மற்ற சமயத் துறவிகள்கூட இந்த மாதங்களில் ஓரிடத்தில் ஒடுங்கிவிடுகிறார்கள், பறவைகள்கூட மரத்தில் கூடு கட்டிக்கொண்டு இருந்துவிடுகின்றன, இவர்களுக்கு மட்டும் என்ன கேடு என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். பேச்சு புத்தரின் காதுக்கு எட்டியது. மழைக்காலத்தில் மூன்று மாதம் பிக்குகள் ஓரிடத்திலேயே தங்க வேண்டும் என்ற விதி அப்படித்தான் பிறந்தது என்கிறது பாலி மொழியில் உள்ள விநய (துறவு ஒழுக்க) நூலான மகாவக்கம்.

வீட்டைத் துறந்து நடப்பதையே உயர்ந்த வாழ்வாகக் கொண்ட ஒரு மார்க்கம், வீட்டில் இருப்பவர்கள் சொன்ன குறையைக் கேட்டுத் தன் நடையை நிறுத்திக்கொண்டது. லேப்டாப் ஒன்று இருந்தால் உலகின் எந்த மூலையிலிருந்தும் வேலை பார்க்கலாம் என்று பலர் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பும் இந்தக் காலத்தில், அந்தக் கதையை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊர் விட்டு ஊர் போய்க்கொண்டே இருப்பவர், ஊரிலேயே இருப்பவருக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறாரா?

இந்த வாழ்க்கை நேற்று முளைத்ததில்லை. 1983-லேயே ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில் ஒரு சிறிய கணினியை ஏற்றிக்கொண்டு ஒஹையோ மாநிலத்திலிருந்து கிளம்பினார். போகிற வழியிலேயே கட்டுரை எழுதித் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பிப் பிழைத்தார். 1997-ல் சுகியோ மகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் ‘டிஜிட்டல் நோமட்’ என்ற தலைப்பில் ஒரு புத்தகமே எழுதினார்கள். நான் நாடோடியா, ஓரிடத்தில் குடியிருப்பவனா என்று மனிதர் தம்மையே கேட்டுக்கொள்ளும் காலம் வரும் என்பது அவர்கள் வாதம். 2020-ல் கொரோனா அலுவலகங்களைப் பூட்டியபோது பார்படோஸும் எஸ்டோனியாவும் இத்தகையவர்களுக்கென்றே விசா கொடுக்கத் தொடங்கின. தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த விசா ஐந்து ஆண்டு செல்லும். கையிருப்பாக 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். ஒருமுறை உள்ளே வந்தால் 180 நாள் தங்கலாம்.

அந்த விசாவோடு வருபவர்களில் பலரும் போய்ச் சேரும் ஊர் வடக்கே இருக்கும் சியாங் மாய். மெங்ராய் மன்னர் 1296-ல் நிறுவிய நகரம். சதுரமாக அகழி சூழ்ந்த பழைய நகரில் திரும்பிய பக்கமெல்லாம் விகாரைகள். விடியற்காலையில் பிக்குகள் வெறுங்காலோடு, பாத்திரத்தை வயிற்றோடு அணைத்தபடி தெருவில் வருவார்கள். வாசலில் காத்திருக்கும் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒட்டரிசிச் சோற்றையும் ரப்பர் பேண்டு சுற்றிய பிளாஸ்டிக் பையில் கட்டிய குழம்பையும் பாத்திரத்தில் வைத்துவிட்டு மண்டியிடுவார். பிக்கு நின்று ஆசி கூறிவிட்டு நகர்வார். அந்தச் சோற்றை அவர் நண்பகலுக்குள் உண்டாக வேண்டும். நாளைக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது. தானே சமைத்துக்கொள்ளவும் கூடாது. ஊரார் ஒருநாள் கை மடக்கினால் அவருக்கு அன்று பட்டினி.

பழைய நகருக்கு மேற்கே நிம்மன்ஹேமின் சாலை. பிற்பகல் 3 மணிக்கு அங்குள்ள காபிக் கடைகளில் ப்ளக் பாயின்ட் பக்கத்து மேசைகள் நிரம்பிவிடும். கோடையில் அது லண்டனின் காலை 9 மணி. நியூயார்க் கம்பெனிக்கு வேலை செய்பவருக்கு அலுவலகம் தொடங்குவதே இரவு 8 மணிக்கு. உடம்பு சியாங் மாயில் இருக்கிறது. நாளை நடத்துவது வேறொரு நாட்டுக் கடிகாரம்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் வெளித்தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. இருவருக்கும் சொந்த வீடு இல்லை. உடைமை ஒரு பைக்குள் அடங்கிவிடும். அதனால்தான் இந்த வாழ்வை மேற்கொண்டவர்களில் பலர் இதைப் பற்றற்ற வாழ்வு என்று மனப்பூர்வமாக நம்புகிறார்கள். அதைப் புறந்தள்ளிவிட முடியாது. சேர்த்துச் சேர்த்து வைத்த பொருளின் பாரத்தை உண்மையாகவே இறக்கி வைத்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஆனால் பற்றின்மை என்று சமயங்கள் சொன்னது எதை?

தாய்லாந்தின் வனப் பிக்குகள் மரபில் பெரிய ஆசான் அஜான் முன் (1870–1949). 1930-களில் சியாங் மாயைச் சுற்றியுள்ள மலைக்காடுகளில் அலைந்தவர். அந்த மரபினர் கைக்கொள்ளும் தவ ஒழுக்கங்கள் 13. அவற்றில் ஒன்று, தங்குவதற்கு எந்த இடத்தைக் காட்டினாலும் அதை ஏற்றுக்கொள்வது. இது வேண்டாம், அடுத்ததைக் காட்டுங்கள் என்று கேட்க முடியாது. தன் விருப்பு வெறுப்பை விடுவதுதான் அங்கே பயிற்சி. வாடகைச் செயலியில் வைஃபை வேகம், மெத்தை, ஜன்னல் வெளிச்சம், முந்தைய விருந்தினர் கொடுத்த நட்சத்திரம் என்று சலித்துச் சலித்து ஓர் அறையைத் தேர்வு செய்வது முழுக்க நியாயமான செயல். ஆனால் அது விருப்பத்தைத் தீட்டும் பயிற்சி. ஊரோடு உள்ள கட்டு அறுந்துவிடலாம், தன் வசதியோடு உள்ள கட்டு மேலும் இறுகலாம்.

கிறித்தவ மரபில் 6-ஆம் நூற்றாண்டின் புனித பெனடிக்ட் இன்னும் கடுமையானவர். தம் மடத்து விதிநூலின் முதல் அதிகாரத்திலேயே துறவியரை நான்கு வகையாகப் பிரித்து, மூன்று நாள் இங்கே, நான்கு நாள் அங்கே என்று விருந்துண்டு திரிபவர்களைக் கடைசிப் படியில் வைத்தார். தம்மிடம் சேர்ந்தவர்கள் ஒரே மடத்தில் நிலைத்திருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றார். அவரை முழுவதும் ஏற்க முடியாது. அலைந்து திரிந்தே ஞானம் தேடிய எத்தனையோ பெரியவர்களை இந்த மண் கண்டிருக்கிறது. வீரசைவர்கள் ஊர் ஊராகச் செல்லும் ஜங்கமரைச் சிவனின் வடிவமாகவே வணங்குகிறார்கள். பயணத்தில் குற்றமில்லை. பயணி எதற்குக் கட்டுப்படுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு நுட்பமானது என்பதற்குத் மழைக்காலத்தில் சந்நியாசிகள் ஓரிடத்தில் தங்கும் விரதமாகத் தமிழ்நாட்டு மடங்களில் இன்றும் நடக்கும் சாதுர்மாஸ்யமே சான்று. ஆனியிலோ ஆடியிலோ வரும் பௌர்ணமியன்று வியாச பூஜை முடிந்ததும் சந்நியாசி சங்கல்பம் செய்துகொள்கிறார். மழைக்காலத்தில் வழியெங்கும் உயிர்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றுக்குத் தீங்கு வராமலிருக்க, உங்களுக்கு இடைஞ்சல் இல்லையென்றால், ஒரு பட்சத்தை (15 நாளை) ஒரு மாதமாகக் கொண்டு நான்கு மாதம் இங்கே தங்க நினைக்கிறோம் என்ற பொருளில் கூடியிருப்பவர்களிடம் சொல்கிறார். இல்லறத்தார் பதில் சொல்கிறார்கள்: சுகமாகத் தங்குங்கள், எங்களால் இயன்ற பணிவிடை செய்கிறோம். உலகத்தையே துறந்துவிட்டேன் என்பவர், மளிகைக் கடைக்காரரும் ஆசிரியரும் உட்கார்ந்திருக்கும் சபையைப் பார்த்து, உங்களுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் என்கிறார். இந்த மரபின் பெரிய அழகு இதுதான்.

இன்று அந்த இடத்தில் இருப்பது விசா. அரசிடம் கேட்டாயிற்று, கட்டணம் கட்டியாயிற்று, முத்திரை விழுந்துவிட்டது. ஆனால் அரசு ‘வாருங்கள்’ என்பதும் தெருக்காரர் ‘தங்குங்கள்’ என்பதும் வேறு வேறு. மெக்சிகோ நகரில் இது வெளிப்படையாக வெடித்தது. அயல்நாட்டு ரிமோட் ஊழியர்களை வரவேற்கும் கூட்டு முயற்சி ஒன்றை நகர அரசு 2022 அக்டோபரில் ஏர்பிஎன்பி நிறுவனத்தோடும் யுனெஸ்கோவோடும் சேர்ந்து அறிவித்தது. அப்போது நகரத் தலைவராக இருந்தவர் கிளாடியா ஷெயின்பாம். கொண்டேசா, ரோமா பகுதிகளில் டாலரில் சம்பாதிப்பவர்கள் கொடுக்கும் வாடகையை பெசோவில் சம்பாதிப்பவர்களால் எட்ட முடியவில்லை. 2025 ஜூலை 4 அன்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். சில கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. அதற்குள் நாட்டின் அதிபராகிவிட்ட ஷெயின்பாம், ஊர்வலத்தில் ஒலித்த அயலார் வெறுப்பைக் கண்டித்தார். அவர் கண்டித்தது சரி. வாடகை பற்றி மக்கள் சொன்ன குறை பொய்யில்லை என்பதும் சரி. அந்த மாதமே நகர அரசு வாடகை உயர்வைக் கட்டுக்குள் வைக்கும் திட்டத்தை அறிவிக்க வேண்டியிருந்தது.

பிக்குகள் மழைக்காலத்தின் கடைசி நாளன்று பவாரணை என்றொரு சடங்கு செய்கிறார்கள். ஒவ்வொருவரும் சங்கத்தின் முன் அமர்ந்து, என்னிடம் குறை எதையாவது கண்டிருந்தாலும், கேட்டிருந்தாலும், சந்தேகித்திருந்தாலும் கருணையோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று அழைப்பு விடுக்க வேண்டும். மூத்தவரும் கேட்கிறார், இளையவரும் கேட்கிறார். அது பிக்குகளுக்குள் நடப்பது, உண்மைதான். ஆனாலும் கிளம்புவதற்கு முன் கேட்பது என்ற அந்த முறையைத் துறவி அல்லாதவரும் எடுத்துக்கொள்ளலாம். அறையைக் காலி செய்யும்போது வீட்டுக்காரர் விருந்தினருக்கும் விருந்தினர் வீட்டுக்காரருக்கும் செயலியில் நட்சத்திரம் போடுகிறார்கள். அடுத்த வீட்டுக்காரரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இரவு 8 மணிக்குத் தொடங்கி விடியும்வரை மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம் நடந்த மீட்டிங்குகளைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவர் அவர்தான்.

இந்தோனேசியாவின் பாலித் தீவு, வந்தவர் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. தன் விதியை வந்தவர் மேலும் விதிக்கிறது. சக ஆண்டுப் பிறப்பான ந்யெபி நாளில் 24 மணி நேரத்துக்கு விளக்கு இல்லை, வேலை இல்லை, பயணம் இல்லை, கேளிக்கை இல்லை. விமான நிலையம் மூடியிருக்கும். 2018 முதல் மொபைல் இணையத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். ‘பெச்சலாங்’ எனப்படும் ஊர்க்காவலர்கள் தெருக்களைச் சுற்றி வருவார்கள். சாங்கூ கடற்கரையோரம் அறை எடுத்து வேலை பார்க்கும் அயலாரும் அன்று உள்ளேதான் இருக்க வேண்டும். தம் நாடோடி வாழ்வின் இரு கால்களான வேலையையும் பயணத்தையும் ஒரே நாளில் ஓர் ஊருக்காக நிறுத்திவைக்கிறார்கள். ஓர் ஊர் தன் நம்பிக்கையைத் தன் விருந்தினரிடமும் எதிர்பார்ப்பது நியாயம் என்றே சொல்ல வேண்டும். அதற்கு ஈடுகொடுக்கும்போதுதான் விருந்தினருக்கும் அது ஓர் ஊராகிறது.

சியாங் மாயில் இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயல் தாள்களும் காடும் எரியும் புகை பள்ளத்தாக்கில் அடைந்து நிற்கும். காற்று மிக மோசமான உலக நகரங்களின் பட்டியலில் சியாங் மாய் பல நாள் முன்வரிசைக்கு வந்துவிடும். ரிமோட் ஊழியர்கள் அந்த மாதங்களில் தெற்கே தீவுகளுக்கோ வியட்நாமுக்கோ மாறிவிடுவது வழக்கம். நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்வது தவறாகாது. குழந்தைகளோடு இருப்பவர்கள் போகத்தான் வேண்டும். காய்கறிக்காரம்மாவும் பிக்குவும் போக முடியாது. 2023 ஏப்ரலில் ஊர் மக்கள் அன்றைய பிரதமர் மீதும் அரசு அமைப்புகள் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். 90 நாளுக்குள் அவசரத் திட்டம் வகுக்கும்படி 2024 ஜனவரியில் சியாங் மாய் நிர்வாக நீதிமன்றம் உத்தரவிட்டது. போய்விட்டுத் திரும்பி வரப்போகிறவர்கள் சுவாசிக்கவிருக்கும் காற்றுக்காகவும் சேர்த்துத்தான் அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள்.

எல்லா நாடோடிகளையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. கெடுபிடியான குடும்பத்திலிருந்து விலகி முதன்முறையாகத் தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு இந்த வாழ்க்கை உண்மையான விடுதலை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஒவ்வோர் எல்லையிலும் பத்திரக்கட்டும் வங்கிக் கணக்கும் காட்டினால்தான் இந்தச் சுதந்திரம் கிடைக்கும். அதோடு, இவர்களைத் துறவிகளின் அளவுகோலால் மட்டும் அளப்பதிலும் பிழை இருக்கிறது. துறவி ஊரை விட்டபோது சம்பாத்தியத்தையும் விட்டார். இவர் இல்லறத்தாரின் உழைப்பைத் துறவியின் பாதையில் தூக்கிக்கொண்டு போகிறார். அப்படியானால் இவருடைய உண்மையான முன்னோர்கள் வணிகர்கள்தான்.

அந்த வணிகர்களும் தாய்லாந்துக்கு வந்திருக்கிறார்கள். தெற்கே, அந்தமான் கடலோரத்துத் தகுவா பாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஒரு குளம் தோண்டப்பட்டதையும் அதற்கு ‘அவனிநாரணம்’ என்று பெயரிட்டதையும் அது பதிவு செய்கிறது. பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப் பெயர் அது. குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரிடமும் சேனாமுகத்தார் என்ற படைக் குழுவினரிடமும் அடைக்கலமாக ஒப்படைக்கிறது கல்வெட்டு. சரக்கு விற்றதும் காற்றுத் திரும்பக் காத்திருந்து கப்பல் ஏறுகிறவர்கள், தண்ணீர் ஊறும் ஒரு குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள்.

இன்றைய சம்பாத்தியக்காரர் குளம் தோண்ட வேண்டியதில்லை, வரி கட்டலாம். தாய்லாந்தில் ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தங்கியவர் வரிக்கு உட்பட்டவர். 2024 முதல், அவர் அயல்நாட்டில் ஈட்டி உள்ளே கொண்டுவரும் பணமும் அந்த வரிக்குள் வருகிறது. அதனால் 179-ஆம் நாளுக்குள் வெளியேறிவிடும்படி நாட்களை எண்ணி வைத்துக்கொள்வோர் இருக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் அரையாண்டு அந்த ஊரின் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டி, காய்ச்சலுக்கு அந்த ஊர் மருத்துவமனைக்குப் போய், அந்த ஊர்த் தண்ணீரில் குளித்தவர், எந்த நாளில் கிளம்பினால் எதுவும் கொடுக்காமல் போகலாம் என்று கணக்குப் போடுவதை இந்தக் கட்டுரையால் ஏற்க முடியவில்லை. ஆறு மாதம் தங்க முடிந்தவர் ஏழாவது மாதமும் தங்கி, படிவத்தை நிரப்பி, புகை மாதத்துக்கு முகமூடி வாங்கும் வரிசையில் ஊராரோடு நிற்கலாம்.