சேவையும் சம்பளமும்

செவிலியர் தினமான மே 12 வந்தால் செவிலியர் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து, 'சேவை' என்று மேடையில் வாய் நிறையப் பேசுகிறோம். அந்த நாளில் பிறந்த செவிலியர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1853இல் லண்டனில் சம்பளம் வாங்காமல்தான் பணியாற்றினார். ஆனால் அப்பா ஆண்டுக்கு 500 பவுண்டு கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய தொகை. 2015இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் அவர்கள் போராட உட்கார்ந்ததும், சேவை மனப்பான்மை எங்கே போயிற்று என்ற பேச்சு கிளம்பிவிட்டது. நைட் டூட்டியில் டிரிப்ஸ் மாற்றி, படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிவிடும் வேலையைக் காசுக்காக மட்டும் ஒருவர் செய்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மனசு இருக்கத்தான் இருக்கிறது. மாதம் பிறந்தால் வீட்டுக்காரரும் பால்காரரும் வாசலில் வந்து நிற்கிறார்களே!