கணக்குக் கேட்டல்

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும், பானை முழுவதும் வெந்துவிட்டதா என்பது தெரிந்துவிடும். ஆனால் இப்பழமொழிக்குள் சொல்லப்படாத ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. தீ சீராக எரிந்திருக்க வேண்டும். நீர் அளவாக வார்க்கப்பட்டிருக்க வேண்டும். அடுப்பருகே இருந்தவர் கவனம் சிதறாமல் இருந்திருக்க வேண்டும். இவை இல்லையேல், மேலே வெந்திருக்கும் பருக்கை அடியில் தீய்ந்த சோற்றைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லாது.

தொழிலுலகில் 'தரத் தணிக்கை' என்று வழங்கப்படுவது இந்த நிபந்தனையைப் பற்றிய விசாரணையே ஆகும். பருக்கையை நசுக்கிப் பார்ப்பது பரிசோதனை. அடுப்பையும் நீரையும் சமைப்பவரின் முறையையும் பார்ப்பது தணிக்கை. முன்னது பொருளைப் பார்க்கிறது. பின்னது அப்பொருள் உருவாகும் ஒழுக்கத்தைப் பார்க்கிறது.

புனேயிலிருந்து புறப்பட்ட மருந்து

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உயிர் காக்கும் விஷயம் இது என்பதை அறிய, புனே நகரின் ஹடப்சர் பகுதிக்குச் செல்வோம். 1966-இல் தொடங்கப்பட்ட சீரம் இன்ஸ்டிடியூட் என்னும் தடுப்பூசி நிறுவனம் அங்குதான் இருக்கிறது.

ஆப்பிரிக்காவில், மேற்கே செனகல் முதல் கிழக்கே எத்தியோப்பியா வரை நீளும் வறண்ட நிலப்பரப்பை மூளைக்காய்ச்சல் பலமுறை சூறையாடியிருக்கிறது. 1996-97 ஆண்டுகளில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர். சுமார் 25,000 பேர் மாண்டனர். ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தடுப்பூசி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 'பாத்' என்னும் தொண்டு அமைப்பும் 2001-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கின. அதன் பயனாக, ஒரு டோஸ் அரை டாலருக்கும் குறைவான விலையில் புனேயில் தயாரானதுதான் 'மென்ஆஃப்ரிவாக்'. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோ நாட்டில் அது பெருமளவில் போடப்பட்டது. அதன்பின் 30 கோடிக்கும் அதிகமானோர் அதைப் பெற்றனர். அது குறிவைத்த 'ஏ' வகை மூளைக்காய்ச்சல் அந்நிலப்பரப்பிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

வெயிலில் வரிசையில் நின்று, தன் குழந்தையின் கையை ஊசிக்கு நீட்டிய ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அந்தக் குப்பியில் இருப்பது மருந்துதானா என்று அவளால் அறிய முடியாது. இதைவிட ஆழமான உண்மை ஒன்று உண்டு: அந்தக் குப்பியை வேறு எவருமே சோதித்திருக்க முடியாது! ஏனெனில், ஆய்வகத்தில் திறந்து சோதிக்கப்பட்ட குப்பி அத்துடன் தீர்ந்துவிடுகிறது. சோதித்த மருந்து குழந்தைக்குப் போவதில்லை. குழந்தைக்குப் போகும் மருந்து சோதிக்கப்பட்டதில்லை.

ஆகவே சில குப்பிகளின் சோதனை முடிவு மற்றக் குப்பிகளுக்கும் பொருந்த வேண்டுமானால், அவை அனைத்தும் ஒரே ஒழுங்கில் உருவாகியிருக்க வேண்டும். இதனால்தான் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வாங்கும் தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் முன்தகுதி வழங்கும்போது, ஆவணங்களையும் மாதிரிகளையும் ஆராய்வதோடு நில்லாமல் உற்பத்திக் கூடத்துக்கே ஆட்களை அனுப்பித் தணிக்கை செய்கிறது. முகம் அறியாத அந்தத் தாயின் சார்பில் கேள்வி கேட்க ஒருவர் அங்கே வந்து நிற்கிறார் என்பதே இதன் பொருள்.

கேட்பதே தணிக்கை

'ஆடிட்' என்னும் சொல், 'கேட்டல்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. முற்காலத்தில் கணக்கை உரக்கப் படிப்பார்கள். தணிக்கையாளர் காதால் கேட்டுச் சரிபார்ப்பார். நம் மொழியோ இதனினும் நுட்பமானது. 'கணக்குக் கேட்பது' என்று நாம் சொல்லும்போது, வினவுவதும் செவிமடுப்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

நல்ல தணிக்கையாளர் இவ்விரண்டையும் செய்பவர். தொழிலாளியிடம் வினவுகிறார், அவர் வேலை செய்வதைக் கண்ணால் காண்கிறார், எழுதி வைத்த பதிவுகளைப் படிக்கிறார். மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறார். சொல், செயல், எழுத்து மூன்றும் ஒன்றாக இருப்பதுதானே வாய்மை?

தணிக்கைக்கு வழிகாட்டும் 'ஐஎஸ்ஓ 19011' என்னும் உலகத் தர நெறி 2002-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அதில் தணிக்கையாளருக்குரிய கோட்பாடுகளாக நேர்மை, உள்ளதை உள்ளபடி உரைத்தல், உரிய கவனம், இரகசியம் காத்தல், சார்பின்மை, சான்றின் வழி நிற்றல் ஆகியவை இடம்பெறுகின்றன. தொழில்நுட்ப ஏடு ஒன்று அறநூலைப் போலப் பேசுவது வியப்பல்லவா?

இவற்றுள் சார்பின்மை முதன்மையானது. தான் செய்த வேலையைத் தானே தணிக்கை செய்யலாகாது என்பது இத்துறையின் அடிப்படை விதி. இது மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ண வேண்டாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவரை மறுபடி தேர்ந்தெடுக்கத் தடை விதிக்கிறது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை உண்டு. பாசம் கண்ணை மறைக்கும் என்பதை நம் முன்னோர் கல்லில் எழுதி வைத்தனர்.

வெற்றிடமும் பொய்யும்

தணிக்கைக்கு முந்தைய இரவுதான் உண்மையான சோதனை நேரம். மருந்துக் குளிர்பெட்டியின் வெப்பநிலையை நாள்தோறும் குறிக்க வேண்டிய தாளில் நான்கு நாட்கள் வெறுமையாக இருக்கின்றன என்று கொள்வோம். 'நாளை கேட்பார்களே!' என்னும் அச்சம் எழுகிறது. பேனாவை எடுத்து நான்கு எண்களை நிரப்பிவிட்டால் தாள் அழகாகிவிடும்.

ஆனால் வெற்றிடம் என்பது குறை. நிரப்பிய எண்ணோ பொய். குறையைத் தணிக்கை குணப்படுத்தும். பொய், தணிக்கையையே கொன்றுவிடும். வெறுமையான தாள், 'இந்த நாட்களைப் பற்றி எனக்குத் தெரியாது' என்று உண்மை பேசுகிறது. நிரப்பிய தாள் அந்த உண்மையையும் பறித்துக்கொள்கிறது.

இது கற்பனை அச்சம் அன்று. 2013-இல் ரான்பாக்சி மருந்து நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. வழக்குகளைத் தீர்க்க 50 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது. மருந்து கெடாமல் இருக்கிறதா என்று மாதக்கணக்கான இடைவெளியில் செய்ய வேண்டிய சோதனைகளுள் சில, ஒரே நாளிலோ சில நாட்களுக்குள்ளோ செய்யப்பட்டிருந்தன. அவற்றின் தேதிகளோ வேறாகக் காட்டப்பட்டிருந்தன. முறைகேடுகளை வெளிக்கொணர்ந்தவர் அங்கே பணியாற்றிய தினேஷ் தாக்கூர் என்னும் ஊழியர். மனசாட்சியுள்ள ஒருவர் உள்ளே இல்லையேல், வெளியிலிருந்து வரும் தணிக்கையாளர் காண்பது அலங்கரிக்கப்பட்ட தாள்களை மட்டுமே.

குறை யாருடையது?

ஆனால் ஊழியர் ஏன் பொய் எழுதத் துணிகிறார்? பெரும்பாலும் அச்சத்தால்தான். குறை கண்ட இடத்தில் ஆளைத் தண்டிக்கும் வழக்கம் இருந்தால், மறைக்கும் வழக்கமும் உடன் வளரும். தர மேலாண்மை இங்கே ஒரு நல்ல பாடம் கற்பிக்கிறது. 'யார் செய்தது?' என்பதற்கு முன் 'ஏன் நேர்ந்தது?' என்று கேட்கச் சொல்கிறது. அந்த நான்கு நாட்களும் ஞாயிற்றுக்கிழமைகளாக இருக்கலாம். விடுமுறை நாளில் குறிக்க எவரும் நியமிக்கப்படாமல் இருக்கலாம். அப்படியானால் ஊழியரைக் கடிந்துகொள்வதால் பயன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருவரை நியமித்தால்தான் பயன். குறையை மூடுவது வேறு. குறையின் வேரைக் களைவது வேறு.

வேண்டுமென்றே செய்த பொய்யை இதனால் மன்னித்துவிடலாம் என்பதில்லை. உண்மை சொல்பவர் அஞ்ச வேண்டாத இடத்தில்தான் பொய்யரைப் பொய்யர் என்று அடையாளம் காண முடியும்.

நம் கணக்கு

இனி நம்மிடம் வருவோம். ஆன்ம சாதகர்கள் இரவில் உறங்கும்முன் அன்றைய தினத்தைத் திரும்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆயினும், தன் வேலையைத் தானே தணிக்கை செய்யலாகாது என்னும் விதி இங்கே ஒரு சங்கடமான கேள்வியை எழுப்புகிறது. நம் கோபத்துக்கு நியாயமான காரணமும், நம் சோம்பலுக்குத் தகுந்த சமாதானமும் தயாராக வைத்திருக்கும் அதே மனம்தானே அங்கே தணிக்கையாளராகவும் அமர்கிறது?

எனவே தற்சோதனை அவசியம். அது மட்டும் போதாது. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலேயே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. புனே மக்கள் பேசும் மராத்தியிலும், குறை சொல்பவனின் வீடு நம் பக்கத்திலேயே இருக்கட்டும் என்ற பொருளில் ஒரு வழக்கு உண்டு. பெரும்பாலோருக்கு அந்த வீடு பக்கத்தில்கூட இல்லை. சொந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாழ்க்கைத் துணை, வளர்ந்த பிள்ளை, நெடுநாள் நண்பர், உடன் பணிபுரிபவர் ஆகியோர் சம்பளமின்றிக் கிடைத்த தணிக்கையாளர்கள். அவர்கள் பேசத் தொடங்கும்போது பதில் சொல்லத் துடிக்கும் நாவை அடக்கி, முதலில் கேட்போம்.

நாம் வெளியில் காட்டும் ஒரு நற்செயல், ஒரு பருக்கை மட்டுமே. பானை முழுவதும் வெந்திருக்கிறதா என்பதை அடுப்பருகே இருப்பவர்கள் அறிவார்கள். அவர்களிடம் கேட்கும் துணிவு நமக்கு வாய்க்கட்டும்.