முழங்கால் கேட்ட கேள்வி

வலது முழங்கால் வலிக்கத் தொடங்கிய பிறகுதான் யோகா வகுப்பு தேடினேன். அஷ்டாங்க, ஐயங்கார், வின்யாச, ஹட என்று ஊரெல்லாம் பலகைகள். எது நல்லது என்று விசாரித்தால், அவரவர் செய்வதையே சிறந்தது என்றார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததில் சேர்ந்தேன். மூன்றாம் நாளே எல்லோரோடும் பத்மாசனம். "வலி போகப் போகச் சரியாகிவிடும்" என்றார் ஆசிரியர். அடுத்த இரண்டு வாரம் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

அந்த நாட்களில்தான் யோக குரு கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றிப் படித்தேன். 1888இல் பிறந்தவர். 1933 முதல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அங்கே வந்தவர்கள் துள்ளும் வயதுச் சிறுவர்கள். மூச்சோடு சேர்த்துத் தாவி, வளைந்து, நிற்காமல் ஓடும் வரிசையை அவர்களுக்குக் கொடுத்தார். அதை இறுகப் பிடித்துக்கொண்ட மாணவர் பட்டாபி ஜோயிஸ். அதுவே இன்றைய அஷ்டாங்க வின்யாசம்.

அதே குருவிடம் வந்த இன்னொரு பையன், அவருடைய மனைவியின் தம்பி. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாகப் படுத்து எழுந்த உடம்பு. அந்தப் பையன்தான் பி.கே.எஸ். ஐயங்கார். கயிறு, பெல்ட், மரக்கட்டை, நாற்காலி என்று எதையாவது முட்டுக் கொடுத்து, வளையாத உடம்பையும் ஆசனத்துக்குள் கொண்டுவரும் வழியைப் பின்னாளில் புனேயில் அவர் கண்டார். நோயில் கிடந்தவனுக்குத்தான் முட்டின் அருமை தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த இந்திரா தேவியைக் கிருஷ்ணமாச்சாரியார் முதலில் சேர்த்துக்கொள்ள மறுத்தார்; அரண்மனை சொன்ன பிறகே ஏற்றார். இந்திரா தேவி கற்றுக்கொண்டு போய் அமெரிக்காவில் சொல்லிக்கொடுத்தது மென்மையான பயிற்சி. மகன் தேசிகாச்சாரோ சென்னையில் ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து, வந்தவரின் வயது, நோய், வேலை எல்லாம் கேட்டுப் பாடம் அமைத்தார். தந்தையின் பெயரில் 1976இல் அவர் தொடங்கிய யோக மந்திரம் என்னும் நிறுவனம் இன்றும் இருக்கிறது.

ஒரே வீட்டிலிருந்து இத்தனை வழிகள். எனக்கு உறைத்தது இதுதான்: இந்தப் பாணி ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குறிப்பிட்ட உடம்பு இருக்கிறது. குரு எதிரே நின்ற உடம்பைப் பார்த்துத்தான் பாடத்தை மாற்றினார். 96 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தபோது அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லி, படுக்கையில் கிடந்தபடியே செய்யத் தனக்கென ஒரு பயிற்சியை வகுத்துக்கொண்டார். மைசூர்ச் சிறுவர்களின் தாவலைத் தன்மேல் அவர் சுமத்தவில்லை.

பதஞ்சலியின் ஏறக்குறைய 196 யோக சூத்திரங்களில் ஆசனத்தை நேரடியாகப் பேசுபவை மூன்றே. இருக்கை அசையாமலும் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறார். என் பத்மாசனத்தில் இரண்டும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு வேறொரு ஆசிரியையிடம் போனேன். அவர் என்னைப் பாயில் உட்காரச் சொல்லவில்லை, நடக்கச் சொன்னார். குனிந்து செருப்பை எடுக்கச் சொன்னார். எந்த வேலையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன், இரவு தூக்கம் எப்படி, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டார். கடைசியில் ஒரு போர்வையை நான்காக மடித்து இடுப்புக்கடியில் வைத்தார். முழங்கால் இரண்டும் தாமாகத் தாழ்ந்தன. அவர் சொல்லிக்கொடுப்பது எந்தப் பாணி என்று நான் கேட்கவே இல்லை.

பரபரவென்று ஓடும் வயதுக்கு வியர்க்க வைக்கும் வின்யாசம் நல்லது. முதுகுத்தண்டில் தட்டு விலகியவருக்கு அதே வேகம் ஆகாது. கழுத்து வலியோ கண் அழுத்தமோ உள்ளவர் சிரசாசனத்தின் பக்கமே போக வேண்டாம்.

எனக்கு இன்றும் பத்மாசனம் வராது. போர்வை மேல் சுகாசனத்தில் அமர்ந்து இருபது நிமிடம் மூச்சைக் கவனிக்கிறேன். மாடிப்படியில் கைப்பிடி தேவைப்படுவதில்லை.

நீங்கள் வகுப்பு தேடுகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். புதிதாக வந்தவரிடம் ஆசிரியர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். ஒன்றும் கேட்கவில்லையென்றால், எழுந்து வந்துவிடுங்கள்.