காக்கிக்கு இரட்டை அபராதம்

ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, தொப்பியோடு பைக்கில் போகும் போலீஸ்காரரைப் பார்த்தால் நாம் முணுமுணுப்பதோடு சரி. சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 210பி பிரிவின்படி, விதியை அமல்படுத்தும் அதிகாரம் பெற்றவரே அதை மீறினால் அபராதம் இரண்டு மடங்கு. ஹெல்மெட் போடாத நமக்கு 1,000 ரூபாய் என்றால் அவருக்கு 2,000. நியாயம்தான்; சலான் மெஷினைக் கையில் வைத்திருப்பவர், விதி தெரியாது என்று சொல்ல முடியுமா? சிக்கல் வேறிடத்தில். அவருக்குச் சலான் போட வேண்டியவர் பல நேரம் அதே ஸ்டேஷனில் பக்கத்து மேசைக்காரர். நாளைக்கும் அவரோடுதான் பந்தோபஸ்துக்குப் போகவேண்டும். போலீசார் ஓட்டும் வண்டிகளையாவது சிக்னல் கேமராவின் பொறுப்பில் விட்டுவிடலாம்.