எதிரியின் முகத்துக்கு வண்ணம் தீட்டலாமா?



சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எண்பது ஜப்பானியச் சிப்பாய்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவனும் 28 மில்லிமீட்டர் உயரம்தான். தண்ணீர் குடிக்க வந்த பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“யாருடா இவனுங்க? ஜப்பான்காரனா?”

“ஆமா பாட்டி. ஆர்டர் வந்திருக்கு. பெயிண்ட் அடிச்சுக் கொடுக்கணும்.”

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரும் குடிக்காமல் அறைக்குப் போய்விட்டார்.

பாட்டிக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, 1943-இல், அவருடைய அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப்போனார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொன்னார்களாம். அவர் திரும்பி வரவே இல்லை. அவரைக் கூட்டிப்போன படையைத்தான் பேரன் நான் காசுக்கு அலங்கரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று எனக்குள் எழுந்த கேள்வி இது: நம் முன்னோரை வதைத்தவனின் உருவத்தை அழகாகச் செய்து விற்பது தர்மமா?

முதலில் இந்தத் தொழிலைப் பற்றி

மேசைப் போர் விளையாட்டு பலருக்குப் புதிதாக இருக்கும். ஆறடி நீள மேசையில் மலை, ஆறு, வீடு எல்லாம் செய்து வைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு படையை நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி விளையாடுவது. 1824-இல் பிரஷ்யாவில் இது ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சியாகப் பரவியது. 1913-இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு விதி நூலே எழுதினார். அடுத்த ஆண்டே உண்மையான உலகப் போர் வந்துவிட்டது. இன்று ‘வார்ஹாமர்’ போன்ற கற்பனைப் படைகளும் உண்டு, இரண்டாம் உலகப் போருக்கான ‘போல்ட் ஆக்‌ஷன்’ போன்றவையும் உண்டு.

பொம்மைகள் சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். வெட்டி, ஒட்டி, பிரைமர் ஸ்ப்ரே அடித்து, அக்ரிலிக் வண்ணம் பூச வேண்டும். பிறகு நீர்த்த கரும்பழுப்பு ‘வாஷ்’ ஊற்றினால் மடிப்புகளில் நிழல் இறங்கும். மேடான இடங்களில் வெளிர் நிறம் தொட்டால் துணி துணியாகவே தெரியும். கடைசியாக முகம். கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வைக்கணும். எல்லாருக்கும் நேரமும் பொறுமையும் இருக்காது. அதனால் என்னைப் போன்றவர்களுக்குப் பகுதி நேர வருமானம். நான் ஒரு காலாளுக்கு 20 ரிங்கிட் வாங்குகிறேன். ஓர் உருவத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

போரை விளையாட்டாக்குவதே பாவம்தானே என்று சிலர் கேட்பதுண்டு. இதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. சதுரங்கம் என்ற பெயரே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைத்தான் குறிக்கிறது. அதை ஆடுகிறவர்களை நாம் கொலைகாரர்கள் என்று சொல்வதில்லை. பிளாஸ்டிக் சிப்பாய் விழுந்தால் எந்தத் தாயும் அழுவதில்லை. கஷ்டமான கேள்வி அதற்கு அடுத்தது. சதுரங்கக் காய்க்கு ஊர் இல்லை, பெயர் இல்லை. என் மேசையில் நின்றவனுக்கு இரண்டும் இருந்தன.

ஆர்டர் கொடுத்தவர்

கம்பாரில் பிறந்து வளர்ந்த ஒரு சீன அங்கிள், ஓய்வு பெற்ற ஆசிரியர். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை அவர் ஊரில் நடந்த போரை மேசையில் ஆட வேண்டும் என்பது அவருடைய பல வருஷ ஆசை. டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர் தெற்கே வேகமாக இறங்கி வந்த நேரம் அது. கம்பாரில்தான் அவர்களைச் சில நாள் தடுத்து நிறுத்த முடிந்தது. பிரிட்டிஷ் வீரர்களோடு பஞ்சாப் ரெஜிமெண்டின் சீக்கியர்களும் கூர்க்காக்களும் அங்கே நின்றார்கள். கடைசி நாள் ஒரு சீக்கிய கம்பெனி துப்பாக்கி முனையில் கத்தி சொருகி மேட்டின் மேல் ஏறித் தாக்கியது. ஆனால் கடல் வழியாக தெலுக் இந்தான் பக்கம் ஜப்பானியர் இறங்கியதும், பின்னால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க எல்லாரும் விலகிப் போக வேண்டியதாயிற்று. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தது.

அந்தப் பீரங்கிச் சத்தத்தை அங்கிளின் அப்பா சிறுவனாக இருந்தபோது கேட்டிருக்கிறார். அங்கிளுக்கு இரண்டு படையும் வேண்டும். சீக்கியர்களை நான் முதலில் செய்து கொடுத்துவிட்டேன். தலைப்பாகையின் ஒவ்வொரு மடிப்பையும் பெருமையோடு வரைந்தேன். ஜப்பானியப் படையைத் தொட்டபோதுதான் பாட்டி தண்ணீர் குடிக்க வந்தார்.

மூன்று பதில்கள்

வெள்ளிக்கிழமை எங்கள் கிளை வகுப்பு முடிந்ததும் இதைப் பேசினோம்.

ஓர் அண்ணன், “நீ பெயிண்ட் மட்டும்தானே அடிக்கிற? அது உன் கடமை. பலனைப் பத்தி ஏன் யோசிக்கிற? கர்மயோகம்னு நெனச்சுக்கோ” என்றார். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது ஒட்டவில்லை. கீதையில் கண்ணன் விடச் சொல்வது பலன் மீதுள்ள உரிமையை. இந்த வேலை சரியா தப்பா என்று யோசிக்கும் பொறுப்பை விடச் சொல்லவில்லை. அப்படியிருந்தால் பதினெட்டு அத்தியாயமும் எதற்கு? ‘அம்பை விடு’ என்று ஒரே வரியில் முடித்திருக்கலாமே. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நன்றாக ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்றுதான் கண்ணன் முடிவை அர்ச்சுனனிடம் விடுகிறார். ஆராயாமல் செய்கிற வேலைக்குக் கர்மயோகம் என்று பெயர் வைப்பது நம் சோம்பேறித்தனத்துக்குப் பட்டுத்துணி போர்த்துவது மாதிரி.

ஓர் அக்கா நேரெதிராகச் சொன்னார்: “முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துடு. கை படக்கூடாத வேலை அது.” இதுவும் சுலபமான பதில்தான். மகாபாரதத்தில் தர்மவியாதர் கதை வருகிறது இல்லையா? மிதிலையில் இறைச்சி விற்றவர். தான் கொல்லவில்லை, உண்ணவுமில்லை, ஆனால் விற்றார். தவம் செய்த கௌசிகர் அவரிடம் வந்துதான் தர்மம் கேட்டுக்கொண்டார். நமக்கு அருவருப்பாக இருக்கிறது என்பதாலேயே ஒரு தொழில் அதர்மம் ஆகிவிடாது என்று அந்தக் கதை காட்டுகிறது. அதே சமயம் வள்ளுவர் புலால் மறுத்தலில், வாங்குகிற ஆள் இருப்பதால்தான் விற்கிற ஆளும் இருக்கிறான் என்கிற பொருளில் பேசி யாரையும் தப்பிக்க விடுவதில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால் எனக்குக் கிடைத்த பாடம் இதுதான்: எதை விற்கிறாய் என்பதோடு, எப்படி, எதற்காக, யாருக்கு விற்கிறாய் என்பதையும் கேள்.

மூன்றாவது பதில் ஒரு தம்பியிடமிருந்து வந்தது. படிவம் நான்கு படிக்கிறவன். “அண்ணே, கந்த சஷ்டிக்கு நம்ம கோயில்ல சூரனுக்குத்தான் பெரிய மீசை, பெரிய கண்ணு எல்லாம் வெச்சு அழகா செய்றாங்க. அதைச் செய்றவங்க அசுரன் கட்சியா?”

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. எதிரியின் உருவத்தைச் செய்யாமல் சூரசம்ஹாரம் இல்லை. அவன் பலத்தைக் குறைத்துக் காட்டினால் முருகனின் வெற்றியும் குறைந்துதான் போகும். ஆக, எதிரியை நன்றாகச் செய்வது நமக்குப் பழக்கமானதுதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. சூரன் யார், என்ன செய்தான், தேவர்கள் என்ன பட்டார்கள் என்பது கோயிலில் நிற்கும் சின்னக் குழந்தைக்கும் தெரியும். என் மேசைப் படையைப் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? சைக்கிளில் வந்தான், டாங்கியில் வந்தான், சாமர்த்தியமாக ஜெயித்தான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்தது மேசையில் கிடையாது.

மேசையில் இல்லாதவர்கள்

சயாம் – பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். அதில் வேலை செய்த நேசப்படைக் கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இறந்தவர்களும் பல மடங்கு அதிகம். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்கள் அதில் பல்லாயிரம் பேர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொண்டுபோயின. அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அந்தப் பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபரில். அதே மாதம் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். தோட்டத்துப் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். எங்கள் தாத்தாவின் அண்ணனும் அதில் ஒருவர். அவர் ஜப்பானியரோடு ஒரே பக்கம் நின்றார். பாட்டியின் அப்பா அதே ஜப்பானியரிடம் அடி வாங்கிக்கொண்டு மண் சுமந்தார். இருவரும் இன்று எங்களுக்கு ஒரே குடும்பம். தேரை இரண்டு படைக்கும் நடுவில் நிறுத்தச் சொல்லி, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்களைப் பார்த்துக் கை நடுங்கிய அர்ச்சுனன் எனக்கு அன்றைக்குத்தான் உண்மையாகப் புரிந்தான்.

ஓர் அக்ஷௌகிணி என்றால் 21,870 தேர், அதே எண்ணிக்கை யானை, 65,610 குதிரை, 109,350 காலாள். குருக்ஷேத்திரத்தில் பதினெட்டு அக்ஷௌகிணி. அத்தனை பேரில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? போர் எப்போதும் பெயர்களைத் தின்றுதான் வளர்கிறது.

பாட்டி சொன்னது

மூன்று வாரம் அந்தப் படையை நான் தொடவில்லை. பெட்டியில் போட்டு மேலே வைத்துவிட்டேன். ஒரு நாள் பாட்டியே கேட்டார்.

“என்னடா, அந்த ஜப்பான்காரனுங்க எங்க?”

“வேணாம்னு விட்டுட்டேன் பாட்டி. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.”

“எடுத்துட்டு வா.”

பாட்டி ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெறும் தோல் நிறத்தில் இருந்தது. கண் இன்னும் வைக்கவில்லை.

“மூஞ்சிய நல்லா வரை. பேய் மாதிரி வரையாத. எங்கப்பாவ பேய் வந்து கூட்டிட்டுப் போகல. மனுசன்தான் வந்து கூட்டிட்டுப் போனான். அது தெரியணும்.”

கொஞ்ச நேரம் கழித்து, “பாக்குறவங்ககிட்ட எங்கப்பா கதையையும் சொல்லு” என்றார்.

எனக்குக் கிடைத்த பதில் இதுதான் நண்பர்களே. எதிரியைப் பூதமாக்கிவிட்டால் நமக்கு ஒரு பயமும் இல்லை. நாம் பூதம் இல்லையே! ஆனால் அவன் இருபது வயசுப் பையன், அம்மாவுக்குக் கடிதம் எழுதியவன், மேலிருந்து வந்த உத்தரவுக்குக் கேள்வி கேட்காமல் தலையாட்டியவன் என்று தெரிந்தால், அடுத்த கேள்வி நம்மை நோக்கி வரும்: அந்த இடத்தில் நான் இருந்திருந்தால்? அந்தக் கேள்வியை எழுப்புகிற உருவத்தைச் செய்வது பாவமில்லை. பாதிக்கப்பட்டவர்களை மறைத்துவிட்டு வெறும் அழகை மட்டும் விற்பதுதான் பாவம்.

எண்பது முகத்தையும் முடித்தேன். இரண்டு டாங்கிகளோடு சேர்த்து 1,800 ரிங்கிட் வந்தது. பெட்டிக்குள் ஒரு தாளும் வைத்தேன். கம்பார் போருக்கு அடுத்த ஆண்டு இந்தப் படை மலாயாத் தொழிலாளர்களை எங்கே கூட்டிப்போனது, அவர்களில் என் பாட்டியின் அப்பாவும் ஒருவர் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அங்கிள் படித்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. பிறகு, விளையாட வருகிறவர்களிடம் முதல் பகடை உருட்டுவதற்கு முன் இதை வாசிக்கிறேன் என்றார். வாசிக்கவும் செய்கிறார்.

பின்னர் வேறொருவர், மண்டியிட்ட கைதியின் தலைக்குமேல் வாள் ஓங்கிய அதிகாரி ஒன்று அலமாரியில் வைக்கச் செய்து தர முடியுமா என்று கேட்டார். இரண்டு மடங்கு காசு. யோசிக்காமல் முடியாது என்றேன். முந்தைய ஆர்டரில் அவ்வளவு யோசித்திருந்ததால்தான் இதற்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. அங்கே போரை நினைவில் வைக்க விரும்பினார்கள். இங்கே கொடுமையை ரசிக்க விரும்பினார்கள். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று இப்போது என் கைக்குத் தெரியும்.

உங்கள் தொழில் வேறாக இருக்கலாம். விளம்பரம் எழுதலாம், வீடியோ எடிட் செய்யலாம், கணக்குப் பார்க்கலாம். ‘நான் என் வேலையை மட்டும்தான் செய்றேன்’ என்று சொல்லத் தோன்றும் நாள் எல்லாருக்கும் வரும். அந்த நாளில் ஒன்றே ஒன்று செய்யுங்கள். இந்த வேலையால் யார் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடமும் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.